பழைய மிட்சைஸ் எஸ்யூவி வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடுத்தர அளவு எஸ்யூவியை இரண்டாம் கையாக வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் வாகனப் பிரிவினரின் பதில்கள்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு புதிய சின்ன கார் வாங்கலாம். அதே பணத்துக்கு ஆறு வருடம் ஆன, 90,000 கி.மீ. ஓடிய மிட்சைஸ் எஸ்யூவியும் கிடைக்கிறது. எதை எடுப்பது?

பதில்: ஐந்து பேரும் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாள் போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு நாள்தான் என்றால் சின்ன காரே போதும். ஐந்து பேர், பெட்டிகள், நீண்ட தூரம் என்பது வழக்கமாக இருந்தால் எஸ்யூவியின் அருமை முதல் பயணத்திலேயே தெரிந்துவிடும். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடிக்காமல் உட்காரலாம். சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் முட்டி வலிக்காரர்கள் குனிந்து இறங்கி ஏற வேண்டியதில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் 180 முதல் 220 மி.மீ. இருக்கும், ஆள் ஏறிய பிறகும் வேகத்தடையில் அடி தட்டாது. வண்டியின் விலை வேகமாக இறங்குவது முதல் மூன்று நான்கு வருடங்களில். அந்த நஷ்டத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

குறை எல்லாம் எடையில் இருந்து வருகிறது. சின்ன கார் 1,000 கிலோ என்றால் இது 1,600 முதல் 2,000 கிலோ. அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு சிக்னலிலும் கிளப்ப வேண்டும், ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்த வேண்டும். எரிபொருள் கூடுதலாகப் போகும். டயர், பிரேக் பேட், டிஸ்க், சஸ்பென்ஷன் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்), பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப இடம் தரும் உருண்டை மூட்டு) என எல்லாமே பெரிய அளவு, எல்லாமே சீக்கிரம் தேயும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வண்டியின் விலை பாதியாக இறங்கியிருக்கும். அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவே இறங்காது. சின்ன கார் விலைக்குப் பெரிய வண்டி வாங்கினாலும் பராமரிப்பு பெரிய வண்டிக்கு உரியதுதான்.

அதிலும் 90,000 கி.மீ. என்பது பெரிய வேலைகள் வரிசை கட்டி நிற்கும் இடம். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு இசைய ஓட்டும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால் பெல்ட், கியர் பாக்ஸ் ஆயில், இரண்டாவது செட் டயர், முன் டிஸ்க், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) புஷ். இவற்றில் எது முடிந்தது, எது பாக்கி என்பதைப் பில்லோடு காட்டச் சொல்லுங்கள். பாக்கி வேலைகளுக்கு ஒரு மெக்கானிக்கிடம் எஸ்டிமேட் வாங்கி, அதைக் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். வருவதுதான் வண்டியின் உண்மையான விலை. அந்தத் தொகைக்கும் அது லாபமாகப் பட்டால் எடுங்கள்.

கேள்வி: டீசல் எஸ்யூவி ஒன்று பார்த்திருக்கிறேன். தினமும் அலுவலகம் போக எட்டு, வர எட்டு, ஆக 16 கி.மீ. ஓட்டுவேன். டீசல்தானே சிக்கனம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறோம். காரணம் டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி. அண்மைக் கால டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சர் குழாயில் இது இருக்கும். கரி நிறைந்ததும் இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்குச் சீரான வேகத்தில் 15, 20 நிமிட ஓட்டம் வேண்டும். எட்டு கி.மீ. தூரத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறும் முன்பே நீங்கள் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். எரிப்பு பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும்.

பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆகவே பழைய டீசல் எஸ்யூவி பார்க்கப் போகும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருப்பதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இங்கே நீங்கள் தேட வேண்டியது மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்பதை. ஒரு துளியை விரல்களுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பாருங்கள். தண்ணீராக நழுவி, டீசல் வாடை வந்தால் அந்த வண்டி குட்டி ஓட்டத்திலேயே காலம் தள்ளியது என்று அர்த்தம். டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் இந்த நீர்த்த ஆயிலில்தான் சுழன்றிருக்கின்றன.

டி.பி.எஃப். தவிர ஈ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி அடைப்பு, இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சும் முனை) தேய்மானம், மேனுவல் கியர் என்றால் டூயல் மாஸ் ஃபிளைவீல் (இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சக்கரம்) ஆகியவை டீசலின் பெரிய செலவுகள். புகையின் நச்சைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்றும் வண்டியில் அதன் பம்பும் முனையும் உப்புப் படிகம் கட்டி அடைபடும். ஆட்ப்ளூ எனப்படும் அந்தக் கரைசல் 32.5 சதவீத யூரியா. காய்ந்தால் வெள்ளைப் பொருக்காக நிற்கும். தொட்டி மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்.

வாரத்தில் இரண்டு நாளாவது நெடுஞ்சாலையில் 50, 60 கி.மீ. ஓட்டுபவருக்கு இதே டீசல் அருமையான வண்டி. கனமான எஸ்யூவியை ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் இழுக்க டீசலின் டார்க்குக்கு (இழுவிசைக்கு) ஈடு இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின் அல்லது ஹைபிரிட் (பெட்ரோலோடு பேட்டரி மோட்டாரும் ஓட்டும் வண்டி) பாருங்கள்.

கேள்வி: எட்டு வருடம் ஆன வண்டி, 35,000 கி.மீ. மட்டுமே ஓடியது. இன்னொன்று நான்கு வருடம், 1,10,000 கி.மீ. இரண்டும் ஒரே மாடல், ஒரே விலை. மனம் குறைந்த கிலோமீட்டர் பக்கம் போகிறது.

பதில்: பில்கள் முழுதாக இருந்தால் நாங்கள் நான்கு வருட வண்டியைத்தான் முதலில் பார்ப்போம். வருடம் 27,000 கி.மீ. என்றால் பெரும்பகுதி நெடுஞ்சாலை ஓட்டமாகத்தான் இருக்கும். இன்ஜின் சூடாகவே ஓடியிருக்கும், கிளட்சும் பிரேக்கும் குறைவாக மிதிபட்டிருக்கும். எட்டு வருடத்தில் 35,000 என்பது மாதம் 360 கி.மீ. சொச்சம். பெரும்பாலும் நின்ற வண்டி, இல்லையேல் குட்டித் தூரம் ஓடிய வண்டி. நின்றாலும் ரப்பர் கெடும். டயர், டைமிங் பெல்ட், கூலன்ட் ஹோஸ், ஆயில் சீல், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வயதுக் கணக்கில் போகிறவை. டைமிங் பெல்ட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரோடு வருடக் கெடுவும் தருகிறார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

இன்னொன்று, 35,000 உண்மைதானா? பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கி, ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் நசுங்கி, ஸ்டீயரிங் தோல் பளபளத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மீட்டரைத் திருப்பி வைப்பவர்கள் டேஷ்போர்டு எண்ணைத்தான் மாற்றுவார்கள். பல வண்டிகளில் கியர் பாக்ஸ், ஏ.பி.எஸ். போன்ற பிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் ஓடிய தூரம் பதிந்திருக்கும். அந்த பிராண்டுக்கு உரிய ஸ்கேனரை (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) செருகினால் இரண்டு எண்களும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: வண்டி பார்க்கப் போனால் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருகிறேன். எதைப் பார்க்கிறோம் என்றே தெரிவதில்லை. ஒரு மணி நேரத்தில் எப்படிச் சோதிப்பது?

பதில்: போனதும் பானெட் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், வேறு நாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஒளிந்திருக்கும் பல குறைகள் இன்ஜின் ஆறியிருக்கும் முதல் நிமிடத்தில்தான் வாய் திறக்கும். உங்கள் நண்பரை சைலன்சர் அருகே நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் முன் பக்கத்தில் சங்கிலி உரசும் சத்தம் வந்தால் டைமிங் செயின் (சில இன்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் இருக்கும் சங்கிலி) தளர்ந்திருக்கிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போய்விட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. குளிர் காலையில் வரும் லேசான வெண்ணீராவி சகஜம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மேல்மூடியின் அடைப்புத் தகடு) வேலை இருக்கும். கூலன்ட் தொட்டியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது.

இக்னிஷன் போட்டதும் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் அதை மறைத்திருக்கிறார்கள். ஏர்பேக் வெடித்த வண்டியாக இருக்கலாம். அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து ஸ்கேனர். எர்ரர் எதுவும் இல்லை என்று காட்டினால் அதோடு நிற்காதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்த நிலவரத்தைக் காட்டும் ரெடினஸ் மானிட்டர் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று வந்தால், எர்ரரை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்பதையும் பல வண்டிகளில் ஸ்கேனரே காட்டும். 20 கி.மீ. என்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

பிறகு ஓட்டம். முதல் பத்து நிமிடம் மேடு பள்ளமான தெருவில், ஏ.சி.யும் பாட்டும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, 20 கி.மீ. வேகத்தில். டக் டக் என்று சின்னச் சத்தம் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). அது சின்னச் செலவு. கனமான தட் என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். அடுத்து 80 கி.மீ. வேகத்தில் உறுமல் கேட்கிறதா, மெல்ல இடம் வலமாக வளைக்கும்போது அது கூடிக் குறைகிறதா என்று கேளுங்கள். மாறினால் வீல் பேரிங். மாறாமல் இருந்தால் பெரும்பாலும் டயர். பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டிஸ்க்கில் ஏற்ற இறக்கம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் கேலிப்பரால் அளந்து ஒப்பிடலாம்.

கடைசியாக லிஃப்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தால் மகிழ வேண்டாம், அதன் கீழே துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுப்பது) உள்ளதும் முன் வீல் மட்டும் இழுப்பதும் ஒரே விலைக்கு வருகின்றன. ஆல் வீல் டிரைவ் எடுத்தால் லாபம்தானே?

பதில்: சேறு, பனி, ஈரமான மண் மேடு இவற்றில் தவறாமல் ஓட்டுபவர் என்றால் ஆம். தார்ச் சாலை மட்டுமே என்றால் நீங்கள் கூடுதலாகச் சுமப்பது ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையைப் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் (அதைப் பின்னுக்குக் கொண்டுபோகும் தண்டு), பின் டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்), ஒரு கப்ளிங் (முன், பின் இழுவையை இணைத்து விடும் கிளட்ச்). ஒவ்வொன்றிலும் ஆயில், சீல், பேரிங். கிளப்பும்போது பிடிப்பு தரும். பிரேக் தூரத்தைக் குறைக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

பழைய ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கெடுப்பதில் முதலிடம் டயருக்கு. ஒரு டயர் வெடித்தால் பலர் ஒன்றோ இரண்டோ மட்டும் மாற்றுவார்கள். சுமார் 740 மி.மீ. விட்டமுள்ள டயரில் புதியதற்கு 8 மி.மீ. பட்டன் (தரையைப் பிடிக்கும் வரி), பழையதற்கு 3 மி.மீ. பட்டன் என்று வையுங்கள். விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம், அதாவது 1.35 சதவீதம். புது டயர் 1,000 சுற்று சுற்றினால் பழைய டயர் 13, 14 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கும், சூடாகித் தேய்ந்துபோகும். ஆகவே பட்டன் ஆழம் அளக்கும் கருவியால் நான்கு டயரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருந்தால் இன்னும் நல்லது.

கப்ளிங்கைச் சோதிக்க விசாலமான காலி இடம் போதும். பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் மெல்ல இரண்டு மூன்று வட்டம் போடுங்கள். பிறகு மறு பக்கம். வண்டி வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். யாரோ பின்னால் பிடித்து இழுத்து விடுவதுபோல் குலுங்கினால் கப்ளிங் விடுபட மறுக்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகும் வாய்ப்பு உண்டு, கப்ளிங்கையே மாற்றவும் நேரலாம். விலை பேசும்போது இரண்டாவதை வைத்துப் பேசுங்கள்.

லீவர் போட்டு ஃபோர் வீலுக்கு மாற்றும் பகுதி நேர வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீலில் வட்டம் போட்டால் குலுங்கத்தான் செய்யும், போடவும் கூடாது. மண் தரையில் ஃபோர் வீலைப் போட்டுப் பாருங்கள். 4ஹெச் (நான்கு சக்கரம், வேக கியர்), 4எல் (நான்கு சக்கரம், மெது கியர்) இரண்டும் சத்தமில்லாமல் விழுந்து, திரும்ப 2ஹெச்சுக்கும் (இரு சக்கரம்) வர வேண்டும். வருடக்கணக்கில் போடாமலே விட்டதால் சிக்கிப்போன வண்டிகள் நிறைய.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஆயிலே மாற்ற வேண்டாம், ஆயுளுக்கும் ஒரே ஆயில் என்று விற்பவர் சொல்கிறார்.

பதில்: நம்ப வேண்டாம். கனமான வண்டியில் கியர் ஆயில் அதிகம் சூடாகிறது, சூடு ஆயிலின் குணத்தைத் தின்றுவிடும். 60,000 முதல் 80,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியே இழுவையைக் கடத்தும் பாகம்) வகையில் அடைப்பானைக் கழற்றினால் மொத்த ஆயிலில் பாதிகூட வராது. மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். ஆகவே மாற்றினேன் என்பவரிடம் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். 3, 4 லிட்டர் என்றால் பகுதி மாற்றம், 8, 9 லிட்டர் என்றால் பெரும்பாலும் முழுமையான மாற்றம்.

பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலில் இருந்து டிரைவுக்குப் போடுங்கள். இரண்டு விநாடி தாமதித்துத் திடுக்கென்று விழுந்தால் கோளாறு. 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்துச் சீராகப் போகும்போது, சாலையில் சிறு வரிகள் மேல் ஓடுவதுபோல் அதிர்ந்தால் லாக் அப் கிளட்ச் (கன்வெர்ட்டரை நேராகப் பூட்டும் கிளட்ச்) தேய்ந்திருக்கிறது. சி.வி.டி. (படிகள் இல்லாமல் பெல்ட்டால் மாறும் கியர்) என்றால் ஏற்றத்தில் கீச்சென்ற இழுவைச் சத்தத்தையும் கிளம்பும்போது வரும் நடுக்கத்தையும் கவனியுங்கள். அதற்கெனத் தனி ஆயில் உண்டு, சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பாழாகும். ட்ரை கிளட்ச் (ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச்) உள்ள டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ்) கனமான வண்டியில், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகித் தேயும். நகர நெரிசலில்தான் உங்கள் வாழ்க்கை என்றால் டார்க் கன்வெர்ட்டர் வகையே எங்கள் தேர்வு.

டிராலி இழுக்கும் கொக்கி பின்னால் மாட்டியிருந்தால் கியர் பாக்ஸை இரண்டு மடங்கு கவனமாகச் சோதியுங்கள்.

கேள்வி: 20 அங்குல வீல் போட்ட டாப் வேரியன்ட் எடுக்கலாமா?

பதில்: அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம். டயரின் பக்கச் சுவர் மெலிது. பள்ளத்தில் விழுந்தால் டயர் புடைக்கும், அலாய் வளையும், குலுக்கல் கூடும், டயர் விலையும் எகிறும். அதே மாடலில் 17 அல்லது 18 அங்குலம் கிடைத்தால் அதை எடுங்கள்.

கேள்வி: ஏழு சீட் வண்டி வாங்கினால் உறவினர் வரும்போது எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம் என்று மனைவி சொல்கிறார். மூன்றாம் வரிசை உண்மையிலேயே உபயோகமா?

பதில்: மிட்சைஸில் மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கு உரியது. தரைக்கும் சீட்டுக்கும் உயரம் குறைவு, பெரியவர்கள் முட்டியைத் தூக்கியபடியே உட்கார வேண்டும். தலை பின் கண்ணாடிக்கு மிக அருகில் இருக்கும். வாங்கும் முன் வீட்டில் உயரமானவரைக் கால் மணி நேரம் அங்கே உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.

எடைக் கணக்கையும் போடுங்கள். தலைக்கு 70 கிலோ என்றால் ஏழு பேர் 490 கிலோ. பல மிட்சைஸ் வண்டிகளின் சுமைத் தாங்கும் அளவு 500, 600 கிலோதான். பெட்டிகளை மேலே கட்டினால் அளவு தாண்டிவிடும், ஈர்ப்பு மையமும் உயர்ந்து வளைவில் வண்டி சாயும். எஸ்யூவி ஏற்கெனவே உயரமான வண்டி, இ.எஸ்.சி. எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு இல்லாத வேரியன்ட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுச் சுமைக்கான டயர் காற்று அளவு தனியாக இருக்கும், ஏழு பேர் ஏறும் நாளில் அதை நிரப்புங்கள்.

பார்க்கும்போது மூன்றாம் வரிசையை மடக்கி விரியுங்கள், பெல்ட்டைச் சுண்டி இழுத்து அது பூட்டுகிறதா என்று பாருங்கள். பின் ஏ.சி. தனியாகக் குளிர்கிறதா என்பதும் முக்கியம். அதன் குழாய்கள் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன, கல் பட்டுத் துருவேறிக் கசிவது வழக்கம்.

கேள்வி: பெரிய சன்ரூஃப் உள்ள வண்டி. உள்ளே ஒருவித ஈர வாடை. வாசனைத் திரவியம் அடித்தால் போய்விடும் என்கிறார் விற்பவர்.

பதில்: வாடைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைப்பு. சன்ரூஃப் என்பது தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. ஓரத்தில் இறங்கும் தண்ணீரை ஒரு தொட்டிச் சட்டம் வாங்கி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே கீழே விடுகிறது. இலைத் தூசி அடைத்தால் தண்ணீர் கூரைத் துணி வழியே, முன் தூண் வழியே கார்பெட்டுக்குள் இறங்கும். கார்பெட்டுக்கு அடியில்தான் பல வண்டிகளில் வயர் கட்டுகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும். சன்ரூஃபைத் திறந்து மூலைக்கு ஒரு சின்னக் கப் தண்ணீர் ஊற்றுங்கள். சில விநாடியில் முன் சக்கரத்துக்குப் பின்னாலோ கதவு இடுக்கிலோ அது தரையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அதிக அழுத்தக் காற்று அடிக்காதீர்கள், உள்ளே இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். மெல்லிய நைலான் கம்பியை விட்டு மெதுவாகத் தள்ளினால் போதும்.

இரண்டாவது காரணம் வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், எப்போதும் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். முன் சீட் தண்டவாளத்தின் போல்ட் துருவேறி இருக்கிறதா, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம் போன்ற உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரண்டு இருந்தாலும் விலகிவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் மின் கோளாறுக்கு முடிவே இல்லை.

கேள்வி: விபத்தில் அடிபட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று இரவல் வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான். 250க்கு மேல் மறு பெயின்ட், 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு). கதவிலோ ஃபெண்டரிலோ ஒரு மறு பெயின்ட் பெரிய குற்றமில்லை. கீறல்கள் எல்லா வண்டிக்கும் உண்டு. கூரையிலும் தூண்களிலும் 300 காட்டினால்தான் பயப்பட வேண்டும். பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட், பானெட் கீல் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட கீறல் பாருங்கள். ஷாக் அப்சார்பர் மேல்முனை பொருந்தும் இடத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சீலன்ட் ஒரே மாதிரி ஓட வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள வருடக் குறி ஒன்றுக்கு மட்டும் வேறாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடல் அமர்ந்தது) என்றால் சேஸியையே பார்க்க வேண்டும். நீளத் தண்டுகளில் சுருக்கம், புது வெல்டிங், பின் ஸ்பிரிங் பிடிமானத்தில் துரு. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருவேறியது மந்தமாக ஒலிக்கும்.

கேள்வி: ஹைபிரிட் எஸ்யூவி, ஏழு வருடம் ஆனது. பேட்டரி போய்விடுமோ என்று பயம்.

பதில்: பயத்தைவிடச் சோதனை மேல். பிராண்டுக்கு உரிய ஸ்கேனரில் பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் பார்க்கலாம்; ஓட்டும்போது ஒன்று மட்டும் மற்றவற்றில் இருந்து விலகித் தாழ்ந்தால் அது போகத் தொடங்கிவிட்டது. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றுத் துளை பின் சீட்டின் ஓரத்தில் இருக்கும். அங்கே நாய் முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி வெந்தே வாழ்ந்திருக்கும். பிரேக் பேட் மெதுவாகத் தேய்வது ஹைபிரிட்டின் லாபம். ஆனால் பேட் குறைவாக உரசுவதால் டிஸ்க் துருப்பிடிக்கும், அதையும் பாருங்கள்.

கேள்வி: வண்டியை வாங்கிவிட்டேன். 85,000 கி.மீ. பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ். பழைய பில் அரைகுறை. முதலில் என்ன செய்வது?

பதில்: பில் இல்லாத வேலை நடக்காத வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முதல் வருட வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதல் வாரத்தில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும். வண்டிக் கையேட்டில் சொன்ன கிரேடு, இன்ஜினைப் பொறுத்து 5 முதல் 7 லிட்டர். வடித்த பழைய ஆயிலை ஒரு காந்தத்தால் துழாவினால் இரும்புத் துகள் இருப்பது தெரியும். கூடவே ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. சுமார் ஒரு லிட்டர் வைத்து நான்கு சக்கரத்திலும் முழுதாக வெளியேற்றச் சொல்லுங்கள்.

அடுத்த மாதத்துக்குள் கியர் பாக்ஸ் ஆயில், கூலன்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில். கடைசி இரண்டும் பல வண்டிகளில் தலா ஒரு லிட்டருக்குள் முடியும் வேலை, ஆனாலும் பெரும்பாலானவர்கள் மறக்கும் வேலையும் இதுதான். டிஃபரன்ஷியலில் கீழ் அடைப்பானைக் கழற்றும் முன் மேலே நிரப்பும் அடைப்பான் கழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலை வடித்துவிட்டு மேல் அடைப்பான் துருவேறிக் கழலாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை), பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். கூலி ஒரு முறைதான்.

டயரின் பக்கத்தில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு தேடுங்கள், பத்து வருடம் தாண்டியதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், ஸ்டெப்னி உட்பட. பின்னர் 17 இலக்க அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கொடுத்து, திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய இலவச வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர்பேக், எரிபொருள் பம்ப், பிரேக் போன்ற பாதுகாப்பு வேலைகளை இந்த வகையில் பொதுவாக இரண்டாம் உரிமையாளருக்கும் காசு வாங்காமலே செய்து கொடுப்பார்கள்.